ஒரு எட்டுப் போய் வருகிறேன்: அன்றாட அலைச்சலைக் குறைக்க நினைப்பவர்களுக்கு

“ஒரு எட்டு கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்.”

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு கேட்காத நாள் இல்லை. கொத்தமல்லிக்கு ஒரு எட்டு, ஜெராக்ஸுக்கு ஒரு எட்டு, மாவு மில்லுக்கு ஒரு எட்டு. கேட்கும்போது ஏதோ ஒரு காலடி எடுத்து வைப்பது போலத்தான் இருக்கிறது. வண்டியை வெளியே தள்ளி, ஹெல்மெட்டைத் தேடி, கடையில் நின்று, வழியில் தெரிந்தவரிடம் நாலு வார்த்தை பேசி, திரும்பி வந்து கைகால் கழுவிப் பார்த்தால் அரை மணி நேரம் போயிருக்கும்.

நான் தருமபுரியில் குடியிருந்து கிருஷ்ணகிரிக்கு வேலைக்குப் போகிறவள். ஏறக்குறைய 45 கிலோமீட்டர். காலை 8 மணிக்குக் கிளம்பினால் வீடு வந்து சேர இரவு 7. வீட்டில் அத்தை, கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். நேரமே இல்லை என்று புலம்பிக்கொண்டே, வேலையை வேகமாக முடிக்கும் சாமான்களாகப் பார்த்து வாங்கினேன். காய் நறுக்குவதற்கு ஒன்று, சப்பாத்தி அழுத்துவதற்கு ஒன்று, இன்னும் அட்டைப் பெட்டியைவிட்டே வெளியே வராத ஒன்று. அவற்றைக் கழுவித் துடைக்கும் வேலைதான் கூடியது. இப்போது நான் போகும் வழி வேறு. முதலில், எதை நிறுத்தலாம் என்று பார்ப்பது. நிறுத்த முடியாததை இன்னொன்றோடு சேர்ப்பது. வேகமாகச் செய்யப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில்தான் முதலில் காலை வைக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

முதல் வாரம்: கோடு மட்டும்

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். தினக்காட்டியில் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடாமல் எடுத்துவையுங்கள். அதன் பின்பக்கத்தில், யாராவது வெளியே போய் வந்தால் ஒரு கோடு. எதற்காகவாவது காத்திருந்தால் ஒரு வட்டம். காரணத்தைப் பக்கத்தில் ஒரே வார்த்தையில் எழுதுங்கள்: ‘பால்’, ‘ஜெராக்ஸ்’, ‘தண்ணி’. நிமிடக் கணக்கு வேண்டாம். அதை எழுதத் தொடங்கினால் அதுவே ஒரு வேலையாகிவிடும். போனை எடுத்தால் ஒரு புள்ளி என்றும் வைத்திருந்தேன். இரண்டாம் நாளே தாளில் இடம் போதவில்லை, விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு தாள்களையும் தரையில் பரப்பினோம். 31 கோடுகள். அவற்றில் 11, இருபது ரூபாய்கூடப் பெறாத சாமான்களுக்கு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: இன்றைக்கு இதைச் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “ஒண்ணும் ஆயிருக்காது, கொத்தமல்லி இல்லாம ரசம் வச்சிருப்பேன்” என்றார் அத்தை. அப்படிப் பதில் வந்த கோடுகளையெல்லாம் அடித்துவிட்டோம். ஒன்பது போயிற்று. மிச்சத்தில் பாதி ஒன்றோடொன்று சேர்க்கக்கூடியவை.

ஒரு எச்சரிக்கை. யார் அதிகம் கோடு வாங்கினார்கள் என்ற பேச்சுக்குள் போகாதீர்கள். எங்கள் வீட்டில் போனோம். அன்று மதியச் சாப்பாடு மௌனத்தில் நடந்தது.

கடைக்குப் போகும் எட்டுகள்

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள், நூலில் கட்டிய பேனா. சாமான் தீர்ந்ததும் எழுதுவது அல்ல, பாதி ஆனதும் எழுதுவது. இதில்தான் எல்லாரும் தவறுகிறோம். தீர்ந்த பிறகு எழுதினால் அன்றே ஓட வேண்டும். பாதியில் எழுதினால் வாரக் கடைசி வரை காத்திருக்கலாம். உப்பு, தீப்பெட்டி, துவரம்பருப்பு, சோப்பு நான்கும் எப்போதும் இரண்டிரண்டு. ஒன்றைப் பிரிக்கும் நாளில் அடுத்ததைத் தாளில் எழுதிவிட வேண்டும்.

காய்கறிக்கு வாரம் ஒரே நாள். தருமபுரியில் உழவர் சந்தை இருப்பதால் காலையில் சீக்கிரம் போய்விட்டால் வாரத்துக்கான காய் ஒரே நடையில் முடிந்துவிடும். முதலில் அழுகுவதை முதலில் சமைப்பது என்று வைத்துக்கொண்டால் போதும், பட்டியல் போட்டுச் சமைக்க வேண்டியதில்லை. திங்கள், செவ்வாயில் கீரை, வெண்டை. வாரக் கடைசியில் சேனை, உருளை, பூசணி. பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டு வைத்தால் வாரம் தாங்கும். கொத்தமல்லியைக் கழுவாமல் செய்தித்தாளில் சுருட்டி வைக்க வேண்டும்.

கேழ்வரகை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து, மில்லுக்கு ஒரே தடவை. புளியை வருடத்துக்கு ஒருமுறை. நம் பக்கத்தில் மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது, கொட்டை எடுத்ததாகவே வாங்கி, உப்புச் சேர்த்து ஜாடியில் அடைத்துவிடுகிறோம். முழுப் புளி வாங்கி வீட்டில் கொட்டை எடுப்பதை அத்தை 40 வருடம் செய்தவர். “அது வேலையில்ல, பேச்சு” என்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து தட்டிய காலத்தில் அது சரி. இப்போது அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து தட்ட வேண்டியிருந்ததால் அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் விளைச்சல் கூடினால் விலை அடிமட்டத்துக்குப் போகும். ‘இவ்வளவு சல்லிசா’ என்று ஒரு கூடையைத் தூக்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுதும் அடுப்படியில் நின்று தொக்குக் கிண்டினேன். அந்தத் தொக்கில் பாதி பூசணம் பிடித்துப் போனது. எவ்வளவு மலிந்தாலும் இப்போது இரண்டு கிலோவுக்கு மேல் கை போவதில்லை.

போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்குப் போவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வருடத்தில் இரண்டு மூன்று தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். கோழி, ஆடு, மண்சட்டி என்று பார்த்துக்கொண்டே நடப்போம். வாங்குவது கொஞ்சம், திரிவது அதிகம். அது சாமான் வாங்கும் வேலை அல்ல, ஊர் சுற்றல்.

அடுப்படி

காலையில் பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, டப்பாவுக்கு ஒன்று என்று மூன்று விதமாகச் சமைத்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தியதில் மிச்சமான நேரம் வேறு எதிலும் கிடைக்கவில்லை. காலையில் எது ஆகிறதோ அதுவே டப்பாவுக்கும். முதல் வாரம் பெரியவன் டப்பாவைப் பாதி திருப்பிக் கொண்டு வந்தான். மூன்றாவது வாரம் காலியாக வந்தது. அவன்தான் சாப்பிட்டானா, சிநேகிதர்கள் தின்றார்களா என்று விசாரிக்கவில்லை.

இட்லி மாவை வாரம் மூன்று முறை ஆட்டுவதற்குப் பதில் ஒரே முறை. முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த நாட்களில் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் போட்டுப் பணியாரம். மாவில் இரண்டு நாளைக்குத் தேவையானதை மட்டும் வெளியே வைத்துப் புளிக்கவிட்டு, மிச்சத்தை ஆட்டிய உடனே குளிரில் வைத்துவிட்டால் சீக்கிரம் புளிக்காது. அரிசி ஊறவைக்கும் முன்னால் மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். கிரைண்டரில் பாதி அரைந்த உளுந்தோடு நான் நின்ற நாள் ஒன்று உண்டு.

ராத்திரிச் சமையலுக்கு என் பதில் களி. நேரத்தை மிச்சம் பிடிப்பது பற்றி எழுதுகிறவள் களி கிண்டச் சொல்கிறாளே என்று நினைக்கலாம். கொஞ்சம் நொய்யை வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, மூடிவைத்து வெந்ததும் துடுப்பால் கிண்டி உருட்டினால் இருபது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு பாத்திரம், ஒரு துடுப்பு. தொட்டுக்கொள்ளக் கடைந்த கீரையோ, அவரைக்கொட்டைக் குழம்போ. ஐந்து பேருக்குச் சப்பாத்தி தேய்த்துச் சுட்டுக் குருமா வைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிஞ்சிய களியைத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம்.

பாத்திரம். எண்ணிப் பாருங்கள், நான் எண்ணினேன். அலமாரியில் 23 டம்ளர்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் 23 டம்ளர் இருந்தால் நாளைக்கு 23 டம்ளரும் கழுவப்படும். ஆளுக்கு ஒன்று வெளியே வைத்து, மற்றதை மூட்டை கட்டி மேலே ஏற்றினேன். விருந்தாளி வந்தால் இறக்கிக்கொள்ளலாம். தன் டம்ளரைத் தானே அலசிக்கொள்வது என்பது சொல்லித்தராமலே வந்துவிட்டது, வேறு டம்ளர் இல்லையே!

இஸ்திரியைப் பற்றி ஒரு வரி. போர்வை, தலையணை உறை, வீட்டில் போடும் துணி எதற்கும் வேண்டாம்.

தண்ணீருக்குக் காத்திருப்பது

வெளியூரிலிருந்து இந்தப் பக்கம் குடிவந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். நம் மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் காவியேறுவதும், நாளடைவில் எலும்பு பாதிக்கப்படுவதும் அதனால்தான். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர், துவைக்கவும் கழுவவும் போர் தண்ணீர் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரையே கொதிக்க வைத்துக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். அந்த வேலையை நேரத்துக்காக அல்ல, உடம்புக்காகவே நிறுத்துங்கள்.

எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வராது. வரும் நாளில் எந்நேரம் என்பதும் சரியாகச் சொல்ல முடியாது. என் தாள்களில் இருந்த வட்டங்களில் பெரும்பாதி ‘தண்ணி’. அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார், கோயிலுக்குக்கூடப் போகமாட்டார். தீர்வு ஒரு மிதவை வால்வு. தரைத்தொட்டிக்குள் வரும் குழாயின் வாயில் மாட்டிவிட்டால், தொட்டி நிறைந்ததும் தானாக அடைத்துக்கொள்ளும். குழாயைத் திறந்தே வைத்துவிட்டு ஆள் வெளியே போகலாம். பிளம்பருக்கு அரை மணி வேலை. தொட்டி இல்லாத வாடகை வீடு என்றால், தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் உங்கள் தெருவின் முறை எப்போது என்று நேராகவே கேட்டுவையுங்கள். பக்கத்து வீடுகளில் நாலு பேர் சேர்ந்து, முதலில் பார்க்கிறவர் மற்றவர்களுக்கு ஒரு மிஸ்டு கால் என்று வைத்துக்கொண்டாலும் போதும்.

அரசு அலுவலகப் படிகள்

ஒரு வருமானச் சான்றுக்காக நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்திருக்கிறேன். முதல் நாள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இல்லை. இரண்டாம் நாள் “சார் மீட்டிங் போயிருக்காரு”. மூன்றாம் நாள் ‘சர்வர் டவுன்’. மூன்று அரைநாள் விடுப்பு. அவற்றில் இரண்டாவது நடை என் தவறு என்று அப்புறம்தான் தெரிந்தது. அது திங்கட்கிழமை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும், துறை அதிகாரிகள் அங்கே போய்விடுவார்கள். ஆகவே மனு கொடுக்கத் திங்கள் நல்ல நாள். கையெழுத்து வாங்க நல்ல நாள் அல்ல. மே, ஜூன் மாதங்களில் கிராம வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும்போதும் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் நெரியும். பள்ளி, கல்லூரிச் சேர்க்கையும் அதே சமயத்தில்தான். சாதி, வருமானம், இருப்பிடம் என எது வேண்டுமென்றாலும் சித்திரை பிறப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இப்போது விண்ணப்பத்தை இ-சேவை மையத்திலேயே கொடுக்கலாம். முதல் தடவை பதியும்போது கேன் எண் என்று ஒன்று தருவார்கள். அதைப் போனில் எழுதிவையுங்கள், அடுத்த தடவை எல்லா விவரத்தையும் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்ப எண்ணை வைத்து நிலவரத்தை இணையத்திலேயே பார்க்கலாம். “ஆச்சா?” என்று கேட்க மட்டும் ஒரு நடை நடக்காதீர்கள்.

ஒரு துணிப்பை தயார் செய்யுங்கள். வீட்டில் எல்லாருடைய ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மாற்றுச் சான்றிதழ் இவற்றில் ஐந்தைந்து ஜெராக்ஸ். ஆளுக்கு ஆறு புகைப்படம். ஒரு பேனா, கொஞ்சம் பசை. என் சிநேகிதிகள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதே சிநேகிதிகள் இப்போது பசை கடன் கேட்கிறார்கள்.

பட்டா, சிட்டா பார்க்க அலுவலகமே வேண்டாம், வருவாய்த் துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் எடுக்கலாம். வில்லங்க விவரத்தையும் பதிவுத்துறை தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இணைப்பு எண்ணைப் போனில் சேமித்துவைத்து, குறுஞ்செய்தி வந்த அன்றே கட்டிவிடுங்கள். கடைசித் தேதியை நினைவில் வைத்திருப்பதும் ஒரு சுமைதான். ரேஷனுக்கு, வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கடையில் கேட்டுப் பாருங்கள்.

போன்

இதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வரும் அழைப்புகளுக்கு: ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்று எழுதி, ஓர் இடம் விட்டு, பூஜ்யம் போட்டு 1909 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். சில நாட்களில் விளம்பர அழைப்புகள் குறையும். வங்கியிலிருந்து வரும் பணப் பரிமாற்றச் செய்திகள் நிற்காது, பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை அணைத்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் குழுவிலிருந்து விலகினால் சித்தப்பா வரைக்கும் பஞ்சாயத்து போகும். விலகாமல், ‘எப்போதும்’ என்று ஒலியை அடைத்துவிட்டு, ராத்திரி ஒரு தடவை பாருங்கள். சாவுச் செய்திக்கு எப்படியும் போன் செய்துவிடுவார்கள்.

நான் செய்ததில் பலித்தது ஒன்றுதான்: சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் மாட்டினேன்.

கல்யாணம், காதுகுத்து

இதில்தான் கை நடுங்கும். ஆவணியிலும் தையிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பத்திரிகை. அரூரில் ஒன்று, காவேரிப்பட்டினத்தில் ஒன்று, ஓசூரில் ஒன்று. மூன்றுக்கும் குடும்பத்தோடு ஓடிய காலம் உண்டு. எங்கேயும் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை. இப்போது வீட்டில் பேசிப் பிரித்துக்கொள்கிறோம். நெருங்கிய உறவு என்றால் எல்லாரும். மற்றதற்கு ஒருவர் மட்டும், அதுவும் முடிந்தால் முந்தின நாள் வரவேற்புக்கு. போக முடியாத இடத்துக்கு, போகிற ஒருவரிடம் மொய்யைக் கொடுத்தனுப்பி, மறுநாள் போன் பேசிவிட வேண்டும். நமக்கு வந்த மொய் நோட்டைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்று முந்தின ராத்திரி நோட்டைத் தேடிப் பரணில் ஏறுவது எங்கள் வீட்டுப் பழைய சடங்கு.

துக்க வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்குப் போடாதீர்கள்.

கை வைக்காதவை

வாசல் தெளித்துக் கோலம் போடுவதை நான் குறைக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள், மனசு வரவில்லை. அத்தை பார்க்கும் இரண்டு சீரியல்களும் அப்படியே இருக்கின்றன. நாள் முழுக்க வேலை செய்த 68 வயதுக்காரர் ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்வது வெட்டிப் பொழுது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பஸ்ஸில் போகும் நேரத்தில் ஆங்கிலம் கற்கலாம், கணக்கு எழுதலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. நான் ஜன்னலோர இருக்கை பிடித்துத் தூங்குகிறேன். காரிமங்கலம் தாண்டியது தெரியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஒரு வாரம் கோடு போட்டுப் பாருங்கள். விட்ட பழக்கங்களில் பாதி சத்தமில்லாமல் திரும்பி வந்திருக்கும். போன வாரம் நாங்கள் போட்டதில் மொத்தம் 12 கோடுகள். அவற்றில் நான்கு இன்னமும் கொத்தமல்லிக்குத்தான். தொட்டியில் தனியா விதைத்துப் பார்த்தேன், அதைக் கிளறிவிட்ட பூனை யாருடையது என்று விசாரிக்க அத்தை பக்கத்துத் தெருவுக்கு ஒரு எட்டுப் போயிருக்கிறார்.